தொடரும்... ஆவணி மூலத்திலிருந்து ஒரு நிமிட வீடியோ வரை

தலையில் துண்டைப் போட்டால் மாமியார். அதே துண்டு தோளுக்கு வந்தால் மருமகள். ஒரே ஆள்தான் இரண்டு வேடமும். ஒரு நிமிடம் சண்டை நடக்கிறது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வந்தது யார் என்று காட்டுவதற்குள் வீடியோ முடிந்துவிடுகிறது. கீழே "பாகம் 2 நாளைக்கு" என்று ஒரு வரி.

இன்றைய தமிழகத்தில் கதை இப்படித்தான் செல்போனில் ஓடுகிறது. ஒரு துண்டு இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் வரும். அதுவே யூடியூப் ஷார்ட்ஸிலும் வரும். பத்துப் பாகம் சேர்ந்ததும் மொத்தமாக ஒட்டி ஒரு நீள வீடியோவாகப் போடுவார்கள். அதிலிருந்து ஒரு வசனம் மட்டும் பிய்ந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போகும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, அதனால்தான் கதையைக் கூட நறுக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் மதுரையின் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. கதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வோர் இடத்தில் காட்டி, மீதிக்கு ஜனங்களைக் காக்க வைப்பது இந்த ஊருக்கு மிகப் பழைய பழக்கம். இந்தக் காலத்தில் உண்மையிலேயே புதிதாக வந்திருப்பது வேறொன்று. சொன்ன கதையைச் சேர்த்து வைப்பார் இல்லை என்பதுதான் அது.

பத்து நாள், பத்துக் கதை

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சிவபெருமான் மதுரையில் நிகழ்த்தியதாகச் சொல்லப்படும் விளையாடல்கள் 64. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் இவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து நாளுக்கு ஒன்றாக நடத்திக் காட்டுகிறார்கள். முதல் நாள் கருங்குருவிக்கு உபதேசம். மறுநாள் நாரைக்கு முத்தி. பிறகு மாணிக்கம் விற்றது, தருமிக்குப் பொற்கிழி, உலவாக்கோட்டை, பாணனுக்காக அங்கம் வெட்டியது, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது, பிட்டுக்கு மண் சுமந்தது, விறகு விற்றது என்று கதைகள் நாள்தோறும் மாறும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று.

முதலாவது, வேடம். கதாநாயகன் ஒருவர்தான். ஆனால் ஒரு நாள் வளையல் வியாபாரி, ஒரு நாள் குதிரைக்காரர், ஒரு நாள் கூலியாள், ஒரு நாள் விறகுவெட்டி. "இன்றைக்கு என்ன வேடம்?" என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். துண்டை மாற்றி மாற்றிப் போட்டு நடிக்கும் இன்றைய வீடியோக்காரரின் உத்திக்கு இது வெகு தூரமில்லை!

இரண்டாவது, இடம். கதை கோயிலுக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. மண் சுமந்த கதை வைகைக்கரை ஓரத்துப் புட்டுத்தோப்புக்குப் போகிறது. அந்த நாளில் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் மதுரைக்கு வருகிறார்கள். கதையில் சம்பந்தப்பட்டவர்கள் அவரவர் ஊரிலிருந்து கிளம்பி வந்து சேர்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நகரமும் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களும் சேர்ந்து ஒரே மேடையாகிவிடுகின்றன.

மூன்றாவது, வரிசை. திருவிழாவின் வரிசை புராணத்தின் வரிசை அல்ல. திருவிழாவில் முதலில் வரும் கருங்குருவி புராணத்தில் 47-ஆவது படலம். மூன்றாம் நாள் வரும் மாணிக்கம் விற்ற கதை 17-ஆவது படலம். கடைசியில் வரும் விறகு விற்ற கதை 41-ஆவது. இப்படி முன்பின்னாக இருந்தும் யாரும் குழம்புவதில்லை. ஒவ்வொரு கதையும் தனக்குள் முழுமையானது; பார்க்க வந்தவர்களுக்கும் முன்பே தெரிந்தது. நரி குதிரையானதும் மண் சுமந்ததும் மட்டும் அடுத்தடுத்த நாட்களில் வருகின்றன. காரணம், அவை இரண்டும் வாதவூரரின் ஒரே கதையின் தொடர்ச்சி. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த அமைச்சரின் கதி என்ன ஆயிற்று என்பதை அறிய ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும்.

தனித்தனியாக ரசிக்கக்கூடிய கதை, தொடர்ந்து வந்தால்தான் புரியும் கதை என்ற இரண்டு வகையும் இந்த ஒரே திருவிழாவில் இருப்பதைக் காணலாம். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

வத்தலகுண்டிலிருந்து வந்த தொடர்கதை

தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் நேராகப் புத்தகமாகவே வெளிவந்தது. பத்திரிகையில் பகுதி பகுதியாக வந்து வாசகர்களைக் காக்க வைத்த நாவல் என்ற பெருமை கமலாம்பாள் சரித்திரத்துக்கு உரியது. எழுதியவர் பி.ஆர். ராஜமய்யர். 1872-இல் அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த வத்தலகுண்டில் பிறந்தவர். அவருடைய கதை 1893 பிப்ரவரி முதல் 1895 ஜனவரி வரை விவேகசிந்தாமணி என்ற மாத இதழில் வெளிவந்தது. தொடங்கும்போது ஆசிரியரின் வயது இருபத்தொன்றுதான்.

கதை நடப்பது மதுரைப் பக்கத்துச் சிறுகுளம் என்ற கிராமத்தில். அந்த ஊர்ப் பெண்கள் கூடி ஊர்வம்பு பேசும் கூட்டத்துக்கு "வம்பர் மகாசபை" என்று ராஜமய்யர் பெயர் வைத்தார். சொன்னதைச் சொன்னபடி விடாமல், கொஞ்சம் கூட்டி அடுத்தவர் காதில் போட்டு, அவர் இன்னும் கொஞ்சம் கூட்டி வேறொருவரிடம் சொல்ல, ஒரு குடும்பமே அவதூறில் சிக்கிக்கொள்கிறது. வதந்தி பரவும் வேகத்தைப் பற்றி இன்று நடக்கும் எந்த விவாதத்துக்கும் அந்த அத்தியாயங்கள் பொருந்தும்.

ராஜமய்யர் 1898-இல், 26 வயதில் காலமானார். நாவல் பிழைத்துக்கொண்டது. காரணம் எளிது. தொடர் முடிந்ததும் 1896-இல் அது புத்தகமாகிவிட்டது. இதழ்கள் தொலைந்தாலும் புத்தகம் நின்றது.

உலகம் முழுவதும் அந்தக் காலத்தில் இதே வழிதான். இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸின் பிக்விக் பேப்பர்ஸ் 1836, 1837 ஆண்டுகளில் மாதத் துண்டுகளாகத்தான் விற்றது. பிறகு புத்தகமானது. முதலில் துண்டு, பின்பு தொகுப்பு. துண்டு அன்றைய வாசகனுக்கு. தொகுப்பு அடுத்த தலைமுறைக்கு.

பைண்டிங் செய்த வாசகர்கள்

இருபதாம் நூற்றாண்டில் தொடர்கதை மாத இதழிலிருந்து வார இதழுக்கு மாறியது. 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வன் 1954 வரை நீண்டது. வாராவாரம் பத்திரிகை வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று போட்டி நடந்த காலம் அது.

மதுரையைக் களமாகக் கொண்டு அப்படி ஒரு பரபரப்பை உண்டாக்கிய தொடர் குறிஞ்சி மலர். எழுதியவர் நா. பார்த்தசாரதி. மதுரையில் தமிழ் படித்து, மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தவர். கல்கியில் மணிவண்ணன் என்ற புனைபெயரில் எழுதினார். திருப்பரங்குன்றத்துப் பூரணியையும் அவளுடைய அரவிந்தனையும் வாசகர்கள் கதைமாந்தர்களாக மட்டும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர், 2021-இல் தமிழக முதலமைச்சரான மு.க. ஸ்டாலின்.

இங்கே வரலாற்றுப் புத்தகங்கள் அதிகம் பேசாத ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள்தான் பைண்டிங் செய்த வாசகர்கள். வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, ஓவியங்களோடு வரிசையாக அடுக்கி, தொடர் முடிந்ததும் அட்டை போட்டு பைண்டிங் செய்து வைத்துக்கொள்வது தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருந்த வழக்கம். பதிப்பாளர் புத்தகம் போடாத கதையும் இந்த பைண்டிங்குகளில் தங்கியது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர் சேகரித்த நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன.

ஆக, அச்சுக் காலத்தில் தொடர்கதையைக் காப்பாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பதிப்பாளர். இன்னொருவர் கத்தரிக்கோலும் கையுமாக இருந்த வாசகர்.

கருப்பு டிவிக்கு வந்தது

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அதன் பிறகு தொடர்கதை மெல்ல மெல்ல வாரப் பத்திரிகையை விட்டு டிவிக்குக் குடியேறியது. அந்த மாற்றத்தின் நடுவில் நின்றவரும் ஒரு மதுரைக்காரர்தான். சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் அங்கேயே காலமான இந்திரா சௌந்தர்ராஜன். அவர் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த மர்மதேசம் தொடர்கள் 1990-களில் சன் டிவியில் வந்தன. அதில் விடாது கருப்பு என்ற கதை தோட்டக்காரமங்கலம் என்ற கற்பனைக் கிராமத்தில் நடந்தது. தப்பு செய்பவர்களைத் தண்டிப்பது காவல் தெய்வமா, மனிதனா என்ற கேள்வியை வாராவாரம் இழுத்துக்கொண்டு போனது. எல்லைக் கருப்பும் குதிரையும் அரிவாளும் தென்மாவட்டக் கிராமங்களுக்கு அன்றாடம் பழகியவை. அதனால் அந்தப் பயம் வீட்டுக்கூடம் வரைக்கும் வந்தது.

டிவியில் ஒரு சிக்கல் இருந்தது. பத்திரிகையைப் போல அதைக் கிழித்து வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வாரம் கரண்ட் போனால் அந்தப் பகுதி போனதுதான். எதிர்வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் நிறுவனத்திடம் ஒளிநாடாக்கள் இருந்தன. அதனால்தான் பிற்காலத்தில் விடாது கருப்பு யூடியூபில் ஏற்றப்பட்டது. ஒளிபரப்பானபோது பிறந்தே இராதவர்கள் கூட அதைப் பார்த்துவிட்டுக் கருத்து எழுதுகிறார்கள்.

மதுரைக் கிளையின் உத்தரவு

அடுத்த கட்டம் செல்போன். 2018 ஆகஸ்டில் மியூசிக்கலி என்ற செயலி டிக்டாக்குடன் இணைக்கப்பட்டது. சினிமா வசனத்துக்கு வாயசைப்பதில் தொடங்கிய ஜனங்கள் சீக்கிரமே சொந்த வசனம் பேசத் தொடங்கினார்கள். பதினைந்து வினாடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். கேமரா வேண்டாம், எடிட்டர் வேண்டாம், தயாரிப்பாளர் வேண்டாம். வயல்வேலைக்குப் போகிறவர், டைலர், ஆட்டோ ஓட்டுபவர், வீட்டில் இருக்கும் பெண்கள் என்று எந்தப் பத்திரிகை ஆபீஸும் டிவி நிலையமும் கூப்பிட்டிருக்காதவர்கள் கதை சொன்னார்கள். அவர்கள் பேசியதும் அவரவர் ஊர்ப்பேச்சு. தொடர்கதையின் வரலாற்றில் இது சாதாரண மாற்றம் அல்ல.

டிக்டாக் மீது இந்தியாவில் விழுந்த முதல் தடையும் மதுரையிலிருந்துதான் வந்தது. ஆபாசக் காட்சிகளும் குழந்தைகளுக்கு வரும் ஆபத்தும் பற்றி வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று, டிக்டாக்கைத் தரவிறக்கம் செய்வதைத் தடுக்குமாறு மத்திய அரசுக்கு இடைக்கால உத்தரவிட்டது. சில நாட்களில் கூகுள், ஆப்பிள் ஆகிய இரண்டின் செயலிக் கடைகளிலிருந்தும் அது மறைந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. ஏப்ரல் 24 அன்று மதுரைக் கிளையே நிபந்தனையோடு தடையை நீக்கியது.

நீதிமன்றத்தின் கவலை நியாயமற்றது அல்ல. குழந்தைகளின் பாதுகாப்பு விளையாட்டு விஷயம் இல்லை. ஆனால் அந்த மூன்று வாரங்கள் கதை சொல்பவர்களுக்கும் ஒரு பாடத்தைக் கொடுத்தன. மேடை தங்களுடையது அல்ல என்பதே அந்தப் பாடம். அதைப் பெரும்பாலானவர்கள் சீக்கிரமே மறந்துவிட்டார்கள்.

ஒரே ராத்திரியில்

2020 ஜூன் 29. எல்லைப் பதற்றத்தை அடுத்து மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கும் அதில் ஒன்று. இந்தியாவில் அதற்கு 20 கோடி அளவுக்குப் பயனாளர்கள் இருந்ததாகச் சொல்லப்பட்ட நேரம். கொரோனா ஊரடங்கில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர்கள் அதிகமாக வீடியோ போட்டுக்கொண்டிருந்த நேரமும் அதுதான். பாதியில் நின்ற தொடர்கள் பாதியிலேயே நின்றன. செல்போனில் மூலப் பதிவை வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். எடுத்ததை ஏற்றிவிட்டு, இடம் போதவில்லை என்று செல்போனிலிருந்து அழித்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்த சில நாட்களில், ஜூலையில், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் முதன்முதலாக இந்தியாவில்தான் சோதனைக்கு வந்தது. பார்ப்பவர்களுக்கு ஒரு கடை மூடி இன்னொரு கடை திறந்த மாதிரிதான். கதை சொன்னவர்களில் ஒரு பகுதியினர் மட்டுமே இடம் மாறி மறுபடி ஆளைச் சேர்த்தார்கள். மற்றவர்கள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள்.

அதே 2020-இல் அமெரிக்காவில் குவிபி என்ற நிறுவனம் 175 கோடி டாலர் முதலீட்டோடு, பத்து நிமிடத்துக்கு உட்பட்ட தொடர்களை மட்டுமே செல்போனுக்குக் கொடுக்கப் புறப்பட்டது. ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் மூடப்பட்டது. பெரிய நட்சத்திரங்களும் பணமும் இருந்தும் நிற்கவில்லை. அதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. பார்த்ததை இன்னொருவருக்குத் துண்டாக எடுத்து அனுப்ப ஆரம்பத்தில் வழியில்லாமல் இருந்தது அவற்றில் ஒன்று. கைமாறாத கதை பரவாது என்பதை வம்பர் மகாசபை அன்றே நிரூபித்திருக்கிறது!

வரிசை மாறிய கதை

ரீல்ஸும் ஷார்ட்ஸும் கதை சொல்பவர்களுக்கு ஒரு புதுச் சங்கடத்தைக் கொண்டுவந்தன. எந்த வீடியோ யாருக்கு எப்போது போகும் என்பதைச் செயலியின் கணக்கு தீர்மானிக்கிறது. நான்காம் பாகம் முதலில் வரும். முதல் பாகம் அடுத்த மாதம் வரும். மூன்றாம் பாகம் வராமலே போகும். "பாகம் 3 எங்கே?" என்று கீழே கேள்விகள் வரிசையாக நிற்கும்.

பத்திரிகையில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. ஐம்பதாவது அத்தியாயம் நாற்பத்தொன்பதாவதுக்கு முன்னால் ஒருநாளும் வந்ததில்லை. அதனால்தான் ராஜமய்யரும் நா. பார்த்தசாரதியும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முந்தையதன் மேல் ஏற்றிக் கட்ட முடிந்தது.

வீடியோக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி சுவாரசியமானது. தொடர்ச்சியான கதையைக் குறைத்துக்கொண்டு, ஒரே பாத்திரங்கள், தினம் ஒரு சம்பவம் என்று மாறினார்கள். அதே மாமியார், அதே மருமகள், அதே கஞ்சத்தனமான மாமா. இன்றைக்கு ரேஷன் கடை, நாளைக்குக் காதுகுத்து, அப்புறம் தீபாவளிச் சீட்டு. எந்தப் பாகத்தில் நுழைந்தாலும் புரியும். புராணத்தின் வரிசையை மாற்றியும் ஜனங்களைக் குழப்பாத ஆவணி மூலத்தின் வழியும் இதுதானே? அச்சு யந்திரம் கொடுத்த வரிசை கையைவிட்டுப் போனதும், கதை பழைய திருவிழா முறைக்கே திரும்பியிருக்கிறது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. திருவிழாக் கதை ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புராணத்தில் எழுதியிருக்கிறது, பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிய சுவர்களில் ஓவியமாகவும் இருந்தது. அடுத்த வருடம் மறுபடியும் நடக்கும். வீடியோக் கதைக்கு அப்படிப் புராணமும் இல்லை, சுவரும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை.

யார் சேர்த்து வைப்பது?

இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் பதிப்பாளர் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சென்னையின் கன்னிமாரா நூலகம் அவற்றில் ஒன்று. 1956-இல் பத்திரிகைகளும் இதில் சேர்க்கப்பட்டன. அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் வீடியோவைப் பற்றி யாரும் நினைத்திருக்க முடியாது.

மற்ற நாடுகளுக்கும் இது சுலபமாக இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010-இல் ட்விட்டரின் பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் சேமிக்கப் போவதாக அறிவித்தது. அளவு தாங்காமல் 2018 முதல் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் சேமிக்கும்படி ஆனது. எல்லாவற்றையும் சேர்க்க முடியாது என்பது அதன் பாடம். அதற்காக எதையுமே சேர்க்காமல் விட்டுவிடலாம் என்று ஆகிவிடாது.

மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. ஓரிடத்தில் தொடங்க வேண்டும் என்றால், இந்த ஊர்ப் பேச்சில் வந்த ஒரு நூறு வீடியோத் தொடர்களை, எடுத்தவர்களின் சம்மதத்தோடு, ஆண்டும் ஊரும் குறித்து அப்படிப்பட்ட ஒரு நூலகத்தில் வாங்கி வைப்பது நடக்காத காரியம் இல்லை. மேலூர்ப் பக்கத்துப் பேச்சும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சும் 2020-களில் எப்படி இருந்தன என்று ஐம்பது வருடம் கழித்து ஒருவர் தேடினால், நாவல்களைவிட இந்த வீடியோக்களில்தான் அதிகம் கிடைக்கும்.

அதுவரை செய்யக்கூடியது, முன்பு பைண்டிங் செய்தவர்கள் செய்ததுதான். தொடர் எடுப்பவர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணும் தேதியும் போட வேண்டும். மூலப் பதிவைச் செயலியை மட்டும் நம்பி விடாமல் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நடித்தவர் பெயர், எடுத்த ஊர் இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். செலவு அதிகமில்லை.

வத்தலகுண்டு இளைஞர் ஒருவர் மாதாமாதம் எழுதிய கதை 130 வருடங்கள் கழித்தும் படிக்கக் கிடைக்கிறது. 2019-இல் அதே சமவெளியில் ஒரு பெண் செல்போனில் சொன்ன தொடர்கதை கிடைப்பதில்லை. இரண்டில் எது சிறந்த கதை என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட இன்று வழியில்லை. ஒன்று யாரோ எடுத்து வைத்ததால் இருக்கிறது; இன்னொன்று யாரும் எடுத்து வைக்காததால் போய்விட்டது.